தன்னூரிலிருந்து தம்மடை வரை: நம் வீடுகளில் மணந்த அடுமனையின் வரலாறு



மதீனாவில் உம்மு ஹிஷாம் (ரலி) என்றோர் அன்சாரிப் பெண்மணி வாழ்ந்தார். ஹாரிஸா இப்னு நுஃமான் (ரலி) அவர்களின் மகளார். காஃப் அத்தியாயத்தைத் தாம் எவ்வாறு மனனம் செய்தோம் என்பதை அவர் எடுத்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. வெள்ளிதோறும் மிம்பரில் நபி (ஸல்) அவர்கள் அதை ஓதக் கேட்டுக் கேட்டே தமக்கு மனனமாயிற்று என்கிறார். அதனுடன் சேர்த்து இன்னொன்றையும் சொல்கிறார். இரண்டாண்டுக் காலம், அல்லது ஓராண்டும் அடுத்த ஆண்டின் ஒரு பகுதியும், தங்கள் வீட்டுத் தன்னூரும் நபியவர்கள் வீட்டுத் தன்னூரும் ஒன்றாகவே இருந்தது என்பதே அது.

ஓர் அத்தியாயத்தை மனனம் செய்த செய்தியில் ரொட்டி அடுப்புக்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இமாம் நவவீ (ரஹ்) அதற்கு விளக்கம் தருகிறார். நபியவர்களின் இல்லத்துக்குத் தாம் எத்துணை நெருக்கமாக இருந்தோம், அவர்களின் நிலைமைகளை எவ்வளவு அறிந்திருந்தோம் என்பதற்குச் சான்றாகவே அப்பெண்மணி அடுப்பைக் குறிப்பிட்டார் என்பது அவ்விளக்கம். இரு குடும்பங்களின் உறவுக்கு ஓர் அடுப்பு சாட்சியாக நின்றிருக்கிறது. வீட்டில் ரொட்டியும் கேக்கும் செய்து உற்றாருக்குக் கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சியைப் பற்றி எழுதுமாறு சகோதரிகள் சிலர் கேட்டிருந்தனர். அதன் வரலாற்றை இந்த அடுப்பிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

தன்னூர் என்பது களிமண்ணால் ஆன உருளை வடிவ அடுப்பு. உள்ளே விறகை எரித்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின் தட்டிய மாவை அதன் உட்சுவரில் ஒட்டுவார்கள். தந்தூர் என்று நாம் சொல்வது இதைத்தான். நூஹ் (அலை) அவர்களின் வெள்ளத்தைக் கூறும் இடத்தில் குர்ஆனும் இச்சொல்லைப் பயன்படுத்துகிறது. இதைச் சூடாக்க விறகு மிகுதியாக வேண்டும். சூடேறிய பிறகோ ஒரு வீட்டு ரொட்டிக்கு ஆகும் வெப்பத்தைப் போல் பல மடங்கு வெப்பம் எஞ்சி நிற்கும். இரண்டு வீட்டார் ஒன்றைப் பகிர்ந்துகொண்டதில் அன்பு மட்டுமல்ல, சிக்கனமும் இருந்தது.

அந்த ரொட்டி பெரும்பாலும் வாற்கோதுமை ரொட்டி. நபியவர்கள் காலத்தில் சல்லடை இருந்ததா என்று பின்னாளில் ஒருவர் ஸஹ்ல் (ரலி) அவர்களிடம் வினவினார். சலித்த வெண்மாவை நபியவர்கள் கண்டதே இல்லை, அரைத்ததை வாயால் ஊதுவோம், உமியில் பறப்பது பறக்கும், மிஞ்சியதை நனைத்துப் பிசைவோம் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். இன்று ஒரு கிலோ மைதாவைப் பிரித்துப் பாத்திரத்தில் கொட்டும்போது இதை நினைத்துப் பார்க்கலாம்.

மாவு பிசைதல் நம் வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவிலும் வந்துபோகிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய வேளையில் பணிப்பெண் பரீரா (ரலி) விசாரிக்கப்பட்டார். தாம் கண்ட ஒரே குறையென அவர் சொன்னது, இளம்பெண்ணாதலால் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு உறங்கிவிடுவார், வீட்டு ஆடு வந்து அதைத் தின்றுவிடும் என்பதே. அகழ்ப்போரின்போது ஜாபிர் (ரலி) அவர்களின் மனைவியார் ஒரு ஸாஉ வாற்கோதுமையை அரைத்துப் பிசைந்தார். தாம் வரும்வரை அந்த மாவைச் சுடத் தொடங்க வேண்டாம் என்று நபியவர்கள் சொல்லியனுப்பினார்கள். ஒரு சிறு குடும்பத்துக்கான அம்மாவு அகழ் தோண்டிய பெருங்கூட்டத்தின் பசியை ஆற்றியது. அந்த அம்மையாரின் நிலையில் நம் வீட்டுப் பெண்களை வைத்துப் பாருங்கள். பத்துப் பேருக்குச் சமைத்திருக்கையில் ஊரே வாசலுக்கு வந்தால் எப்படி இருக்கும்?

இஸ்லாமிய நகரங்கள் வளர்ந்தபோது அடுப்பும் வளர்ந்தது. தன்னூருடன் ஃபுர்ன் என்னும் பெரிய செங்கல் அடுப்பும் பரவியது. லத்தீன் மொழியின் ஃபுர்னுஸ் என்ற சொல்லே அரபியில் ஃபுர்ன் ஆயிற்று. மொராக்கோவின் ஃபெஸ் போன்ற பழைய நகரங்களில் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் பொதுவான ஒரு ஃபுர்ன் உண்டு. வீட்டிலே மாவைப் பிசைந்து, தம் வீட்டு அடையாளத்தை அதன் மீது பதித்து, பலகையில் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். வெந்த ரொட்டி அதே பலகையில் திரும்பி வரும். எந்தப் பலகை எந்த வீட்டினுடையது என்பது அடுப்புக்காரருக்குத் தலைகீழ்ப் பாடம்.

பாக்தாதில் 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த கிதாபுத் தபீக் என்னும் சமையல் நூலில் ரொட்டி வகைகளும் கஅக் எனப்படும் காய்ந்த பிஸ்கத்து வகைகளும் விரிவாக இடம்பெற்றுள்ளன. அதைவிட என்னை ஈர்த்தது சந்தை மேற்பார்வையாளருக்காக 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய கையேடு. ரொட்டி சுடுவோருக்கு அதில் தனிப் பகுதியே இருக்கிறது. மாவைக் காலால் மிதித்துப் பிசையலாகாது. குறுகிய கையுடைய ஆடை அணிய வேண்டும். தும்மலோ பேச்சோ மாவில் தெறிக்காதிருக்க வாயை மூடிக் கட்ட வேண்டும். வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். முழங்கையின் முடியை மழிக்க வேண்டும். பகலில் பிசைந்தால் ஈ ஓட்ட ஓர் ஆள் அருகில் நிற்க வேண்டும். அடுப்புள்ள கூடத்தின் கூரை உயர்ந்தும் புகைபோக்கி அகன்றும் இருக்க வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் முகக்கவசமும் தலையுறையும் அணிந்து நிற்கும் பேக்கரிப் பணியாளரைக் காணும்போது எனக்கு ஷைஸரீயின் நினைவே வருகிறது.

இனி நம் கரைக்கு வருவோம்.

தமிழ் மண்ணின் அடுக்களை நீராவியையும் எண்ணெயையும் தோசைக்கல்லையும் நம்பி வளர்ந்தது. காரணம் எளிது. இங்கு விளைந்தது அரிசி. கோதுமை மாவைப் பிசைந்தால் உண்டாகும் இழுபடும் பசை அரிசிமாவில் இல்லை. அந்தப் பசைதான் புளித்த மாவின் காற்றைப் பிடித்து வைத்து ரொட்டியை உப்பச் செய்கிறது. ஆதலால் நம் முன்னோர் மாவைப் புளிக்க வைத்து ஆவியில் ஏற்றினார்கள், ஆப்பச் சட்டியில் ஊற்றினார்கள். மொழியிலும் இதன் தடம் உண்டு. ஆப்பத்தையும் தோசையையும் பணியாரத்தையும் ரொட்டியையும் நாம் “சுடுகிறோம்” என்றே சொல்கிறோம். மூடிய அடுப்பின் அனலில் வேகவைப்பதற்கென்று வழக்கில் தனிவினை இல்லை. அடுமனை, வெதுப்பகம் என்ற சொற்களெல்லாம் பேக்கரி வந்த பிறகு நாம் தேடிக்கொண்டவை.

ஆனால் இலங்கைத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: போறணை. பாண் சுடும் அடுப்புக்கு அங்கே அதுதான் பெயர். பாண் போர்த்துக்கீசரின் சொல். போறணையும் அவர்களுடைய ஃபோர்னோ என்ற சொல்லிலிருந்து வந்ததே. அந்த ஃபோர்னோவின் வேர் எது? மேலே சொன்ன அதே லத்தீன் ஃபுர்னுஸ். ஃபெஸ் நகரத்துப் பிள்ளை தலையில் பலகையோடு ஓடிய ஃபுர்னும், கொழும்பில் விடியற்காலையில் பாண் மணக்கும் போறணையும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று அரபியரின் வாயிலும் மற்றொன்று போர்த்துக்கீசரின் கப்பலிலும் பயணம் செய்திருக்கின்றன. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் இலங்கைக்கு வணிகம் செய்யப்போன நம்மவர்கள் இந்த இரண்டு சொற்களையும் அறிந்திருப்பார்கள்.

இந்துஸ்தானத்தில் முஸ்லிம் அரசவைகளின் விருந்தை இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். 1333இல் சிந்து நதியை அடைந்த அவர், டில்லிக்குச் செல்லும் வழியில் உண்ட உணவுகளை வரிசைப்படுத்துகிறார்: மெல்லிய ரொட்டி, நெய்யில் செய்து உள்ளே இனிப்பு வைத்த வட்ட அப்பங்கள், மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் செய்த செங்கல் வடிவ இனிப்பு, சம்பூசக். 1340களில் அவர் நம் மஅபர் கரையிலும் ஒதுங்கி மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தார். அந்தச் செங்கல் வடிவ இனிப்பின் கூட்டுப்பொருள்களைப் பாருங்கள். மாவு, சர்க்கரை, நெய். இன்று நம் திருவல்லிக்கேணிக் கடைகளில் தட்டுத் தட்டாக வெட்டி வைக்கப்படும் தம்ரூட்டின் உறவினர் போலத் தோன்றுகிறது. நேர்ப் பரம்பரை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே குடும்பச் சாயல் என்று மட்டும் சொல்கிறேன்.

தம் என்பது பாரசீகச் சொல். மூச்சு என்பது பொருள். பாத்திரத்தின் வாயை மாவால் அடைத்து அதன் மூச்சை உள்ளேயே நிறுத்தி, கீழே தணலும் மூடி மேலே தணலும் வைத்து வேகவைப்பதே தம். பிரியாணியில் இதை எல்லோரும் அறிவர். ஆனால் இதே உத்தி அடுப்பு இல்லாத வீட்டில் ஓர் ஓவனை உண்டாக்கிவிட்டது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. செங்கல் கட்ட வேண்டாம், களிமண் குழைக்க வேண்டாம். கனமான ஒரு செம்புப் பாத்திரம், தட்டையான மூடி, ஒரு கை தணல். வீட்டுப் பெண்கள் கேக் சுடத் தொடங்கிவிட்டார்கள், கேக் என்ற சொல் இங்கு வருவதற்கு முன்பே.

ஹைதராபாத்தில் முஹர்ரம் மாதத்தில் தம் கே ரோட் என்ற இனிப்பு ரொட்டி செய்வார்கள். ரவை, கோதுமை மாவு, நெய், சர்க்கரை, முந்திரி, பாதாம். (முஹர்ரத்தின் வழக்கங்களைப் பற்றிய மார்க்க விவாதம் வேறு. இங்கே நாம் பேசுவது பாத்திரத்தைப் பற்றி.) ஆற்காட்டு நவாபுகளின் வழியாகத் தக்காணத்து உருது பேசும் குடும்பங்கள் சென்னைக்கு வந்தன. சேப்பாக்கத்தில் 1768இல் மாளிகை எழும்பியபின் திருவல்லிக்கேணி அவர்களின் சமையற்கட்டாயிற்று. தம்ரூட் என்ற பெயரில் தம்மும் இருக்கிறது, ரோட்டும் இருக்கிறது.

மலபார்க் கரையின் மாப்பிள்ளை வீடுகளில் இதே உத்தி போளை என்று வழங்குகிறது. ரவையும் முட்டையும் சேர்ந்த தரிப்போளை, வாழைப்பழம் சேர்ந்த காய்ப்போளை ஆகியவற்றைப் பாத்திரத்தில் ஊற்றி மூடி மேல் கனலை இட்டு வேகவைப்பார்கள். புதுமாப்பிள்ளை விருந்தில் எத்தனை வகை இருந்தது என்பது மாமியார் வீட்டின் மானப் பிரச்சினை.

நம் தென்கரையில் இதன் பெயர் தம்மடை. காயல்பட்டினம் இதற்குப் பெயர்பெற்றது. எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவியின் உம்மம்மா அவ்வூரைச் சேர்ந்தவர். கேளம்பாக்கத்தில் மகள் வீட்டில் வசிக்கிறார். என் மனைவி அவரிடம் கேட்டு எழுதி வைத்த அளவு இது: முட்டை 10, சீனி 400 கிராம், ரவை 250 கிராம், நெய் 200 கிராம், ஒரு தேங்காயின் கெட்டிப் பால், முந்திரி, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. முட்டையை நுரை பொங்க அடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பார் அந்த அம்மையார். அவர் காலத்தில் மத்தால் கடைந்தார்களாம், ஒரு மணி நேரம், பெண்கள் இருவர் மாறி மாறி. பிறகு தணல். கீழே குறைவாகவும் மேலே மிகுதியாகவும் வைக்க வேண்டும். கீழே கூடினால் அடி கருகும், மேலே குறைந்தால் முகம் வெளிறிப் போகும். மூடியைத் திறந்து பார்க்க ஆசை வரும், திறக்கக் கூடாது. மணத்தை வைத்தே பதம் அறிய வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தம்மடையில் ஈஸ்ட்டும் இல்லை, சோடாவும் இல்லை. கடைந்த முட்டையின் நுரையில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து மாவை எழுப்புகிறது, முட்டையின் புரதம் இறுகி அந்த எழுச்சியைத் தாங்கி நிற்கிறது. அக்காலத்து ஐரோப்பாவிலும் கேக்கை உப்பச் செய்ய முட்டை நுரை அல்லது ஈஸ்ட், இரண்டில் ஒன்றைத்தான் நம்பியிருந்தார்கள். ஆகவே காயல்பட்டினத்து உம்மம்மாவும் இலண்டன் மாளிகையின் சமையற்காரியும் ஒரே வித்தையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு இரும்பு அடுப்பு, மற்றவருக்குத் தென்னஞ்சிரட்டைத் தணல்.

அதை மாற்றியவர் பர்மிங்காம் நகரத்து மருந்தாளுநர் ஆல்பிரட் பேர்ட். அவர் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒவ்வாமை. மனைவி உண்ணும்படியான ரொட்டிக்காக 1843இல் அவர் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தார். முட்டையில்லாத கஸ்டர்டையும் அதற்கு முன்பே அவளுக்காகச் செய்திருந்தார். இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கான அடுக்களைகளில் இருக்கும் அந்தச் சிறு டப்பா, ஒரு கணவர் தம் மனைவியின் தட்டைப் பார்த்து வருந்தியதால் பிறந்தது. குடும்பத்தாரிடம் நற்பண்போடு நடப்பதைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இதை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

நம் நாட்டில் கேக்கின் கதை தலச்சேரியில் தொடங்குவதாகச் சொல்வார்கள். பர்மாவில் பிஸ்கத்துத் தொழில் கற்றுத் திரும்பிய மம்பள்ளி பாப்பு 1880இல் அங்கே ராயல் பிஸ்கத்துத் தொழிற்சாலையை நிறுவினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் காட்டி, இதைப்போல் செய்ய முடியுமா என்று கேட்டார். உள்ளூரில் கிடைத்த பொருள்களைக் கொண்டு பாப்பு செய்து கொடுத்தார். பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சாராயத்தை அவர் சேர்த்ததாகவும் அக்கதை சொல்கிறது. கடையில் விற்கும் பிளம் கேக்கைக் கண்டால் நம் பெரியவர்கள் “இதில் என்ன ஊற்றியிருக்கிறான்?” என்று கேட்டது காரணமில்லாமல் அல்ல.

கோதுமை நம் வீடுகளுக்குள் நுழைந்தது விருப்பத்தால் அன்று, தட்டுப்பாட்டால். 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ரேஷனில் கோதுமை கொடுத்தார்கள். அரிசி உண்ட வாய்கள் முணுமுணுத்துக்கொண்டே உண்டன. 1956இல் தொடங்கிய அமெரிக்க உதவி ஒப்பந்தங்களின் மூலம் மேலும் கோதுமை வந்திறங்கியது. 1965இல் நடுவண் அரசு மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தையே தொடங்கிற்று. சென்னையிலும் அதன் ஆலை ரொட்டி சுட்டது. 2000இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. அதற்குள் ரொட்டி காய்ச்சல்காரர் உணவு என்ற நிலை மாறி, காலையுணவாகிவிட்டது. மலையாளிகளின் தேநீர்க்கடை பேக்கரிகள் ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் முளைத்தன. வீட்டில் தம்மடைக்காகச் செம்புப் பாத்திரம் அடுப்பேறுவது குறைந்ததும் இதே காலத்தில்தான். எரிவாயு அடுப்பில் தணல் ஏது?

கேளம்பாக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கழிமுகத்தைக் கடந்தால் கோவளம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் வழங்கும் தர்கா அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் அந்தத் துறைமுகத்தை ஆதரித்து வளர்த்தார். சஆதத் பந்தர் என்று அதற்கு அவர் பெயரே வழங்கியது. பெல்ஜியம் நாட்டுக் கரையிலிருந்து வந்த ஆஸ்டெண்ட் கம்பெனி அங்கே பண்டகசாலை வைத்திருந்தது. பிறகு கோட்டை எழுந்தது. பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தனர். 1752இல் கிளைவ் அதைக் கைப்பற்றித் தகர்த்தார். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர், வடக்கே சாந்தோமில் போர்த்துக்கீசர். ரொட்டி உண்ணும் மக்கள் நம்மைச் சுற்றி முந்நூறு ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள். நம் ஊரோ அவர்களுக்கு வேறொன்றைத் தந்தது: உப்பு. கேளம்பாக்கத்து உப்பளங்களின் உப்பும், இக்கரையின் சவுக்கு விறகும் பக்கிங்காம் கால்வாயில் தோணிகளில் ஏறிச் சென்னைக்குச் சென்றன. உப்பில்லாத ரொட்டி உப்பினாலும் வாயில் வைக்க முடியாது. விறகில்லாத அடுமனையோ வெறும் செங்கல்.

இப்போது உப்பளங்களை ஒட்டிப் பல மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் வேலை செய்வோர் காயலிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் வந்து குடியேறியிருக்கிறார்கள். ஒரு தளத்தில் நான்கு கதவுகள். நான்கும் மூடியிருக்கும். மின்தூக்கியில் தலையசைப்பதோடு உறவு முடிந்துவிடும். இது எனக்கு நெடுநாளாக உறுத்தும் காட்சி. மதரஸாவில் அண்டை வீட்டாரின் உரிமை என்ற பாடத்தை நடத்திவிட்டு, எதிர்வீட்டில் யார் என்று கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

2020இல் ஊரடங்கு வந்தது. கடைகள் அடைத்திருந்தன. வேறு வழியில்லாமல் பலர் வீட்டில் கேக் சுடக் கற்றார்கள். குக்கரின் ரப்பர் வளையத்தைக் கழற்றி உள்ளே மணலோ உப்போ பரப்பி அதன்மேல் தட்டு வைத்துச் சுட்ட சகோதரிகளை நான் அறிவேன். அது தம் உத்தியின் மறுபிறவி என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் சுட்டதில் ஒரு துண்டு பக்கத்துக் கதவுக்குப் போயிற்று. ஓரிரு நாளில் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை, சுண்டலோடு வந்தது. தட்டை வெறுமையாகத் திருப்பலாகாது என்ற நம்மூர் வழக்கம் அடுக்ககங்களிலும் சாகவில்லை என்று கண்டபோது உள்ளம் குளிர்ந்தது.

அண்டை வீட்டார் இருவர் இருந்தால் யாருக்கு முதலில் அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டார்கள். எவருடைய வாசல் உனக்கு நெருக்கமோ அவருக்கு என்று நபியவர்கள் விடையளித்ததை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார். ஆட்டுக் குளம்பேயானாலும் அண்டை வீட்டாள் கொடுத்ததை அற்பமாகக் கருத வேண்டாம் என்று பெண்களுக்கு அறிவுறுத்திய செய்தியும் அதே நூலில் உண்டு. நடுவில் சற்றே அமிழ்ந்துபோன கேக்கைக் கொடுக்கக் கூச்சப்படும் சகோதரிகளுக்கு இந்த இரண்டாவது செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். கைபேசியில் படம் எடுத்துப் பகிரும் பழக்கம் வந்தபின் அழகான கேக்கை மட்டுமே கொடுக்கலாம் என்றொரு மனத்தடை நம்மிடையே புகுந்திருக்கிறது. இது எனக்கு உடன்பாடில்லை. அமிழ்ந்த கேக்கும் இனிக்கத்தான் செய்கிறது.

நெருங்கிய வாசலில் இருப்பவர் முட்டை உண்ணாதவராக இருக்கலாம். எங்கள் தளத்தில் அப்படியொரு குடும்பம் உண்டு. அவர்களுக்காக என் மனைவி முட்டைக்குப் பதில் தயிரும் சமையல் சோடாவும் சேர்த்துச் செய்கிறார். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து வாயுவை உண்டாக்கி மாவை எழுப்புகிறது. அதற்கெனத் தட்டும் கரண்டியும் தனியாக வைத்திருக்கிறார். அந்த வீட்டு மாமி முதலில் தயங்கினார். தனிப் பாத்திரம் என்று தெரிந்தபின் தாமே பேரனை அனுப்பி வாங்கிக்கொள்கிறார். ஆல்பிரட் பேர்ட் தம் மனைவிக்காகச் செய்த வேலை எங்கள் தளத்தில் இப்படிப் பயன்படுகிறது.

மார்க்க அடிப்படையில் கேட்கப்படும் ஐயம் ஒன்றையும் இங்கே தொட்டுச் செல்கிறேன். பச்சைப் புள்ளி இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். அப்புள்ளி சைவ உணவு என்பதைக் காட்டுமே தவிர, மது இல்லை என்பதைக் காட்டாது. வெனிலா எசன்ஸ் பலவற்றில் சாராயமே கரைப்பான். முட்டை சேர்ந்த கேக்குக்குப் பழுப்புக் குறி வந்துவிடும். அதில் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது, குழைமம் இ-471 தாவரத்தினதா விலங்கினதா என்பதைக் குறி சொல்லாது. அறிஞர்களிடையே இவற்றில் கருத்து வேறுபாடுகள் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வெனிலாவுக்குப் பதில் ஏலமும் ஆரஞ்சுத் தோலும் போதுமென்று வைத்துவிட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஐயமின்றி “பிஸ்மி சொல்லிச் சாப்பிடு” என்று பிள்ளையிடம் நீட்ட முடிவது வீட்டில் சுடுவதன் இன்பங்களில் ஒன்று.

சிலர் இதையே சிறு வருவாயாகவும் மாற்றிக்கொண்டுள்ளனர், நல்லது. 2011இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பவர் 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொள்ள வழிவகுத்தன. வீட்டில் சுட்டு விற்பவரும் பதிவு செய்வது கடமை. விற்பவர்கள் ஷைஸரீயின் பட்டியலையும் ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

தம்மடையை ஓவனில் செய்ய முடியுமா என்று கேட்ட சகோதரிகளுக்கு: முடியும். மேற்கம்பி கீழ்க்கம்பி இரண்டையும் இயக்கி 170 டிகிரியில் பத்து நிமிடம் முன்சூடாக்குங்கள். ரவையை நெய்யில் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவிட்டு, தேங்காய்ப் பாலில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். முட்டையையும் சீனியையும் மின்கடைவானில் பத்து நிமிடம் அடித்தால் மத்தின் ஒரு மணி நேரத்துக்கு ஈடாகும். நுரை அடங்காமல் மரக்கரண்டியால் ரவைக் கலவையை மெல்லச் சேர்த்து, நெய் தடவிய தட்டில் ஊற்றி, முந்திரியைத் தூவுங்கள். 40 நிமிடத்துக்குப் பின் குச்சியைக் குத்திப் பாருங்கள், ஈரம் ஒட்டக் கூடாது. கடைசி ஐந்து நிமிடம் மேற்கம்பி மட்டும் எரியட்டும், தணல் வைத்த நிறம் வரும். சூட்டோடு வெட்டினால் உதிரும். உம்மம்மாவின் கட்டளைப்படி இரவில் சுட்டு மறுநாள் காலையில்தான் கத்தியை எடுக்க வேண்டும்.